ஸ்ரௌவ்வில்லில் ஒரு பேணி ஐஞ்சு சதம்

ரொறன்ரோவிலிருந்து 404 நெடுஞ்சாலையில் வடக்கே வந்து, ஸ்ரௌவ்வில் ரோட்டில் கிழக்குப் பக்கம் திரும்பினால், கொஞ்சத் தூரத்துக்கு இரண்டு பக்கமும் வயலும் குதிரைப் பண்ணையும்தான். இதுக்கு மேல ஊர் ஒண்டும் இராது எண்டு நினைக்கிற நேரத்தில் வரிசை வரிசையாகப் புது வீடுகள் வரும். அதையும் தாண்டினால் மெயின் ஸ்ரீற், பழைய செங்கல் கட்டடங்கள், கோ ரயில் நிலையம். ஸ்காபரோவில் அடுக்குமாடியில் வளர்ந்து, மார்க்கத்தில் வீடு பார்த்து, விலையைக் கேட்டுத் திகைத்து, இன்னும் கொஞ்சம் வடக்கே வந்த எங்கட ஆக்கள் இங்கே இப்போது நிறைய. நாங்களும் அப்படி வந்த ஒரு குடும்பம்தான்.

இந்த ஊருக்கு எல்லாரும் வேறு எங்கிருந்தோதான் வந்திருக்கிறார்கள். 1804இல் ஆபிரகாம் ஸ்ரௌவர் என்பவர் அமெரிக்காவின் பென்சில்வேனியாவிலிருந்து குடும்பத்தோடு வண்டி கட்டிக்கொண்டு வந்து இங்கே இறங்கினார். மெனனைற் சமயத்தவர். அவர் பெயர்தான் ஊரின் பெயர். அவருக்கு முன்பே இங்கே ஊரொன்று இருந்தது. புது வீடுகள் கட்ட நிலத்தைக் கிளறினபோது, ஹியூரோன்-வென்டாற் மக்களின் பெரிய கிராமம் ஒன்று வெளிப்பட்டது. 2003 தொடக்கம் 2005 வரை தோண்டினார்கள். அதற்குள் ஒரு இரும்புத் துண்டு, ஐரோப்பியக் கோடரி ஒன்றின் பகுதி. இந்தப் பக்கத்தில் ஐரோப்பியர் யாரும் கால் வைக்காத காலத்தில், அட்லாண்டிக் கரையிலிருந்து கை மாறிக் கை மாறி வந்திருக்கிறது. அதைக் கவனமாகப் புதைத்தும் வைத்திருக்கிறார்கள். ஏன் என்று யாருக்கும் தெரியாது. இந்தக் கதையை மகனுக்குச் சொன்னபோது அவன் கேட்டது ஒரே கேள்வி: "அது எவ்வளவு பெறும்?"

அவனுக்கு வயது ஒன்பது. அந்த வயதில் எல்லாவற்றுக்கும் விலை கேட்பான்கள். எங்கள் வீட்டில் அந்தக் கேள்விக்குப் பதில் தேடப் போய்த்தான் நாணயம் சேர்க்கிற வேலை ஆரம்பித்தது.

அப்பா போன பிறகு அவருடைய அலுமாரியில் இருந்து ஒரு பேணி கிடைத்தது. எல்லா வீட்டிலும் இருக்கும் அந்த நீல நிற டேனிஷ் பிஸ்கற் பேணிதான். எங்கட வீடுகளில் அதைத் திறந்தால் ஊசியும் நூலும்தான் வரும். இதில் வந்தது ஐஞ்சு சதக் குத்தி. எண்ணினோம், 1,140. முகமதிப்பு 57 டொலர். பாரம் ஐந்து கிலோவுக்கு மேல். மேலே, குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டுகிற ஒரு காந்தமும், முடிச்சுப் போட்ட சின்னப் பிளாஸ்ரிக் பை ஒன்றும் கிடந்தன.

அப்பா 1991 தொடக்கம் டவுன்ரவுனில் ஒரு நிலக்கீழ் வாகனத் தரிப்பிடத்தில் கண்ணாடிக் கூண்டுக்குள் இருந்து காசு வாங்கினவர். இரவு வேலை. பன்னிரண்டு வருசம். மற்றவர்கள் கொடுத்த சில்லறையில் தனக்குப் பிடித்ததை எடுத்து, தன் பொக்கற்றிலிருந்து மாற்றுக் காசு போட்டிருக்கிறார். இது அம்மாவுக்குத் தெரியும். "அந்தாள் ஐஞ்சு சதம் சேர்க்குது எண்டு நான் பேசுறனான்" என்றார். ஆனால் எதைப் பார்த்து எடுத்தார், எதை விட்டார் என்று யாரிடமும் சொன்னதில்லை.

அந்தக் காந்தம்தான் விடை என்பது எங்களுக்குத் தெரிய ஒரு மாதம் எடுத்தது.

கனடாவின் ஐஞ்சு சதம் முதலில் வெள்ளி. மீன் செதிள் மாதிரிச் சின்னது, 15 மில்லிமீற்றரும் கொஞ்சமும். விழுந்தால் தேட முடியாது. முதலாம் உலகப் போருக்குப் பிறகு வெள்ளியின் விலையும் ஏறி விட்டது. சட்பரியில் மலை மலையாக நிக்கல் கிடக்க, ஏன் வெள்ளி என்று 1922இல் தனி நிக்கலுக்கு மாறினார்கள். அமெரிக்காவின் ஐஞ்சு சதமும் அதே பருமன்தான், ஆனால் அதை நிக்கல் என்று கூப்பிடுவது பெயருக்குத்தான். நூற்றுக்கு எழுபத்தைந்து பங்கு செம்பு, இருபத்தைந்துதான் நிக்கல். கனடாவின் குத்தி உண்மையான நிக்கல், நூறு குத்தி சேர்ந்தால் சரியாக ஒரு இறாத்தல் என்று கணக்குப் பார்த்துச் செய்தது. தனி நிக்கல் காந்தத்தில் ஒட்டும். செம்பு கலந்தது ஒட்டாது. 1982இல் கனடாவும் செம்பு கலந்தது. 2000ஐ ஒட்டி உருக்குக்கு மேல் நிக்கல் முலாம் பூசத் தொடங்கினார்கள், அது திரும்பவும் ஒட்டும்.

இப்போது யோசித்துப் பாருங்கோ. தொண்ணூறுகளில், இரவு இரண்டு மணிக்கு, கூண்டுக்குள் ஒரு காந்தத்தோடு இருக்கிறவருக்கு வருசம் வாசிக்கத் தேவையில்லை. ஒட்டினால் பழசு. ஒட்டாவிட்டால் ஒன்றில் புதுசு, அல்லது அமெரிக்கக் காசு. மென்பொருள் எழுதிப் பிழைக்கிற எனக்கு இதைவிட நல்ல வடிகட்டி எழுதத் தெரியாது. ஒரே ஒரு நிபந்தனை, பிழையே வராது.

இல்லை, ஒரு இடத்தில் வரும். அதுதான் அந்தச் சின்னப் பை. இரண்டாம் உலகப் போரில் நிக்கல் ஆயுதத்துக்குத் தேவைப்பட்டதால் 1942இல் ஐஞ்சு சதத்தை ரொம்பாக் என்ற உலோகத்தில் அடித்தார்கள். 88 பங்கு செம்பு, 12 பங்கு நாகம். எங்கட பழைய அகராதிகளில் 'தம்பாக்கு' என்று இருப்பதும் இந்தச் சாதி உலோகம்தான். மலாய் மொழியில் செம்புக்குள்ள பெயரிலிருந்து கிளம்பிய சொல், ஒரு பக்கம் தமிழுக்கும் மறு பக்கம் ஒட்டாவாவுக்கும் போயிருக்கிறது. நிறம் மங்கினால் ஒரு சதம் மாதிரித் தெரியும் என்று, மாறாட்டம் வராமல் இருக்கப் பன்னிரண்டு பக்கம் வைத்தார்கள். 1943இல் பீவரை எடுத்து விட்டு, வெற்றிக்கு அடையாளமாகவும் ரோம இலக்க ஐந்தாகவும் நிற்கிற மாதிரி ஒரு 'வி'யைப் போட்டார்கள். அதன் விளிம்பைச் சுற்றி மோர்ஸ் குறியில், மனம் வைத்து உழைத்தால் வெல்வோம் என்ற பொருளில் ஒரு வாசகம் இருக்கிறது. மகன் உருப்பெருக்கியை வைத்து ஒரு முழு ஞாயிற்றுக்கிழமை அதை வாசித்தான். பிள்ளைகளுக்குக் காட்ட ஒரே ஒரு காசு வாங்குவதென்றால் இதை வாங்குங்கோ. தேய்ந்தது சில டொலருக்குள் கிடைக்கும்.

காந்தத்தில் ஒட்டாததால் அப்பா இவற்றைக் கண்ணால் பார்த்துத்தான் பிரித்திருக்க வேண்டும். அதே பைக்குள் அமெரிக்க ஐஞ்சு சதமும் அறுபதுக்கு மேல் இருந்தன. எல்லையைத் தாண்டி வந்த சில்லறை இங்கே கடைகளில் கலந்துதான் ஓடும், பார்த்திருப்பீர்கள். அவற்றில் நான்கு போர்க்கால நிக்கல். 1942க்கும் 1945க்கும் இடையில் அமெரிக்கர்கள் நிக்கலை முழுதாக எடுத்துவிட்டு, 35 வீதம் வெள்ளி சேர்த்து அடித்தவை. பின்பக்கத்தில் மொன்ரிச்செலோ மாளிகையின் கூரைக்கு மேலே பெரிய ஒற்றை எழுத்து இருந்தால் அதுதான். மூன்று எருமைக் காசும் இருந்தன, 1913 தொடக்கம் 1938 வரை அடித்தது. ஒரு பக்கம் பூர்வகுடி மனிதரின் முகம், மறு பக்கம் எருமை. நல்ல வடிவு, ஆனால் வருசத்தைக் காசின் மேடான இடத்தில் போட்டு விட்டார்கள். புழங்கப் புழங்க முதலில் தேய்வது அதுதான். எங்கட மூன்றில் இரண்டுக்கு வருசமே இல்லை. அமிலம் விட்டால் மறைந்த இலக்கம் திரும்பத் தெரியும், ஆனால் முகத்தில் தழும்பு வந்துவிடும். விட்டுவிட்டோம். வயது தெரியாமலே இருக்கட்டும்.

அரிதான அமெரிக்க நிக்கல் என்றால் எல்லாரும் 1913ஆம் ஆண்டு 'லிபர்ட்டி' காசைத்தான் சொல்வார்கள். உலகத்தில் தெரிந்து ஐந்துதான். ஒன்று 2018இல் 45 இலட்சம் அமெரிக்க டொலருக்கு மேல் ஏலம் போனது. கனடாவில் அதற்குச் சமமான கனவு 1921ஆம் ஆண்டின் வெள்ளி ஐஞ்சு சதம். நிக்கலுக்கு மாறுவதற்கு முன் கிட்டத்தட்ட எல்லாவற்றையும் உருக்கிவிட்டார்கள், தப்பியது சில நூறு. இந்த இரண்டும் சில்லறைப் பையில் வராது, கனவை விடுவோம். வரக்கூடியது 1925. அந்த வருசம் அடித்ததே 201,921தான். 1926இலும் ஒரு வகை கடினம்: 6 என்ற இலக்கம் மேப்பிள் இலையிலிருந்து தள்ளி நிற்பது.

பேணியில் ஒரு 1925 இருந்தது.

இங்கேதான் அம்மாவின் புளி வருகிறது. அப்பாவின் ஆட்டத்திவசத்துக்கு முன், பேணியின் மேலே கிடந்த பழைய குத்திகளில் பன்னிரண்டை எடுத்து, கும்பத்துக்குள் போட வேண்டும் என்று, புளியில் ஊற வைத்து, பாத்திரம் தேய்க்கிற பச்சைத் துண்டால் மினுக்கி வைத்திருக்கிறார். குத்துவிளக்கு மினுக்கிற கை. பளபளவென்று இருந்தது. அந்தப் பன்னிரண்டில்தான் 1925உம் இருந்தது.

மெயின் ஸ்ரீற்றில் பழைய சாமான் விற்கிற கடை ஒன்றுக்கு மகனோடு கொண்டுபோனேன். வயதான வெள்ளைக்காரர். காசை விளிம்பில் பிடித்து (எப்பவும் விளிம்பில்தான் பிடிக்க வேணும், முகத்தில் விரல் படக்கூடாது) விளக்குக்குக் கீழே மெல்லச் சரித்தார். சரிக்கச் சரிக்க, ராசாவின் கன்னத்தில் ஒரே திசையில் மெல்லிய கீறல்கள் மயிர் மாதிரி எழும்பி வந்தன. மகனுக்குத்தான் முதலில் காட்டினார். "யாரோ இதில் அன்பு வைத்திருந்திருக்கிறார்கள்" என்று மட்டும் சொன்னார். கழுவாமல் இருந்திருந்தால் என்ன விலை, இப்போது என்ன விலை என்று மகன் கேட்டான். அரைவாசிகூட வராது என்றார்.

காசுக்குத் தரம் போடுவதைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். வில்லியம் ஷெல்டன் என்ற அமெரிக்க உளவியலாளர் 1949இல் பழைய ஒரு சதக் காசுகளுக்காக 1 தொடக்கம் 70 வரை ஒரு அளவுகோல் போட்டார். இன்றைக்கும் அதுதான். ஒன்று என்றால் என்ன காசு என்று மட்டும் தெரியும். அறுபதுக்கு மேல் என்றால் யாருடைய பொக்கற்றுக்குள்ளும் போகாத காசு. எழுபது, குறையே இல்லாதது. ஏன் நூறு இல்லை என்று எந்தத் தமிழ்ப் பெற்றோரும் கேட்பார்கள், நானும் கேட்டேன். அவர் பார்த்த காலத்தில் மிக நல்ல காசு மிக மோசமான காசைவிட எழுபது மடங்கு விலை போனது, அதுதான் காரணம். விலை பிறகு எங்கேயோ போய்விட்டது, எழுபது மட்டும் நின்றுவிட்டது. கனடாக் காசுக்கு ரொறன்ரோவில் 1986 முதல் ஐ.சி.சி.எஸ். என்ற நிறுவனம் தரம் போட்டுக் கொடுக்கிறது. அமெரிக்க நிறுவனங்கள் போலக் கெட்டிப் பிளாஸ்ரிக் பெட்டிக்குள் அடைக்காமல், மெல்லிய உறையில் சான்றிதழோடு தருவார்கள். கை கொஞ்சம் இறுக்கம் என்று பெயர். ஐந்தாம் ஜோர்ஜ் என்றால் முடியின் பட்டியில் உள்ள மணிகள் தெரிகிறதா, புருவம் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். ஆறாம் ஜோர்ஜ் என்றால் காதுக்கு மேல் உள்ள மயிர். எருமைக்குக் கொம்பு. கழுவின காசென்றால், எவ்வளவு வடிவாக இருந்தாலும், கழுவினது என்று சான்றிதழிலேயே எழுதிவிடுவார்கள்.

வீட்டுக்கு வந்து மகன் எல்லாவற்றையும் அப்பம்மாவுக்கு ஒப்புவித்தான். நான் தடுப்பதற்கு முன்பே. அவனுக்குத் 'தரம்' என்ற சொல் வரவில்லை, என்னைப் பார்த்தான். நான் வாய் தவறாமல் அகராதித் தமிழில் "தரப்படுத்தல்" என்றேன்.

அம்மா சிரித்தார். "அதிலும் தரப்படுத்தலோ?"

இந்தச் சொல்லுக்கு எங்கட வீட்டில் என்ன பாரம் என்று இதை வாசிக்கிற பலருக்கும் விளங்கும். எழுபதுகளில் இலங்கையில் பல்கலைக்கழக அனுமதிக்குத் தரப்படுத்தல் வந்தபோது, தமிழ் மாணவர்கள் அதே படிப்புக்குக் கூடுதல் புள்ளி எடுக்க வேண்டியிருந்தது. அப்பாவுக்குப் பொறியியல் கிடைக்காமல் போனது அதில்தான். எத்தனை புள்ளி என்று அவர் கடைசி வரை சொன்னதில்லை. அம்மாவுக்குத் தெரியும், அவரும் சொல்ல மாட்டார். நான் முதுகலைப் படிப்புப் படித்து முடித்த நாளில் அப்பா பட்டத்தைக் கையில் வாங்கி, விளிம்பில் பிடித்துப் பார்த்தது நினைவிருக்கிறது.

மகன் விடவில்லை. "அப்பம்மா, நீங்கள் கழுவினதால காசு குறைஞ்சிட்டுது."

"கொப்பப்பா வச்சிருந்த ஊத்தையை நான் கழுவினன். ஊத்தை போனா ஏனடா காசு குறையும்?"

அதற்குப் பதில் அவனிடம் இல்லை. உண்மையில் என்னிடமும் சரியான பதில் இல்லை. உலோகத்தின் மேல்தோல் ஒரு முறை போனால் திரும்ப வராது என்று விளக்கினேன். அம்மா கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "அப்ப அதை விக்க ஏலாது. நல்லது" என்று சொல்லி எழும்பிப் போனார். அதுவரை தம்பி பேணியை விற்கலாம் என்றும், மனைவி வங்கியில் போடலாம் என்றும் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அன்றைக்குப் பிறகு அந்தக் கதை வீட்டில் எழவில்லை.

பையின் அடியில் இன்னொரு குத்தியும் இருந்தது. சதுரம், மூலைகள் மழுங்கியது, மஞ்சள் நிறம். 1971ஆம் ஆண்டின் இலங்கை ஐஞ்சு சதம். கனடா நிக்கலைக் கைவிட்ட அதே 1942இல், அதே போர்த் தட்டுப்பாட்டால், இலங்கையின் சதுர ஐஞ்சு சதமும் நிக்கல் பித்தளைக்கு மாறியது. அந்த நிறம் பிறகும் தொடர்ந்தது. மகன் அதைத் திருப்பிப் பார்த்துவிட்டு, சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் படித்த எழுத்து காசில் இருக்கிறதைக் கண்டு, "இது எங்கட காசா?" என்று கேட்டான். நான் ஓம் என்றேன். பிறகு, முழுதாக ஓம் இல்லை என்றும் சொல்ல வேண்டி வந்தது. அந்தக் கதை நீளம், அன்றைக்குப் பாதியும் முடியவில்லை.

அதை விளக்க உதவின காசு வேறு ஒன்று. 1947 என்று போட்டு, பக்கத்தில் சின்னதாக ஒரு மேப்பிள் இலை உள்ள ஐஞ்சு சதம். அரிது ஒன்றும் இல்லை, சில டொலருக்கு வாங்கலாம். அதுவரை கனடாக் காசுகளில் ஆறாம் ஜோர்ஜின் தலையைச் சுற்றி 'இந்தியாவின் சக்கரவர்த்தி' என்ற பட்டம் லத்தீனில் சுருக்கமாக இருந்தது. 1947 ஓகஸ்ற்றில் இந்தியா சுதந்திரமானது. பட்டத்தை எடுத்துப் புது அச்சு செய்ய வேண்டும், அச்சு வரத் தாமதம். நாட்டில் சில்லறைத் தட்டுப்பாடு. அதனால் 1948இலும் பழைய 1947 அச்சிலேயே அடித்து, அடையாளத்துக்கு ஒரு இலையைப் போட்டுவிட்டார்கள். டில்லியில் கொடி இறங்கினதால் ஒட்டாவாவில் காசில் இலை முளைத்தது. 1947, 1948 இரண்டையும் பக்கத்தில் வைத்து, எந்த எழுத்து காணாமல் போயிருக்கிறது என்று பிள்ளையைத் தேடச் சொல்லுங்கோ. வரலாற்றுப் புத்தகம் தேவையில்லை.

போன கோடையில் சட்பரிக்கும் போய் வந்தோம். ரொறன்ரோவிலிருந்து 400 கிலோமீற்றர். அங்கே ஒன்பது மீற்றர் உயரத்தில் ஒரு ஐஞ்சு சதம் நிற்கிறது. நிக்கலை முதன்முதலில் பிரித்தெடுத்து 200 வருசம் ஆனதற்காக 1951இல் அடித்த காசின் பெரிய பிரதி. ரெட் சில்வா என்ற தீயணைப்பு வீரர், நகரம் வேண்டாம் என்ற பிறகும், பிடிவாதமாக 1964இல் கட்டி முடித்தது. அம்மாவும் வந்தார். பன்னிரண்டு பக்கத்தையும் சுற்றி நடந்து பார்த்துவிட்டு, "இதை மினுக்க எவ்வளவு புளி வேணும்" என்றார்.

உங்களுக்கும் ஆசை வந்தால் பெரிய செலவில்லை. வங்கியில் ஐஞ்சு சத ரோல் கேளுங்கோ, 40 காசு, இரண்டு டொலர். பார்த்துவிட்டு மிச்சத்தைத் திரும்பப் போடலாம். 2004 முதல் நாணயச்சாலை பழைய நிக்கல் காசுகளைத் திரும்ப எடுத்துப் பிரித்து வருவதால் இப்போது ரோலுக்கு ஒன்றோ இரண்டோதான் அகப்படும், சில நேரம் அதுவும் இல்லை. சார்ல்ற்றன் கற்றலொக் ஒன்று இருந்தால் போதும், பழைய பதிப்பென்றாலும் பரவாயில்லை, வருசமும் வகையும் மாறாது. நல்ல வெளிச்சம், சின்ன உருப்பெருக்கி, ஒரு காந்தம். பி.வி.சி. கலந்த மெல்லிய பிளாஸ்ரிக் உறை மட்டும் வேண்டாம், நாளாகப் பச்சையாக ஒட்டிக்கொள்ளும். வீட்டில் பெரியவர்கள் இருந்தால் புளிப் போத்தலை ஒளித்துவையுங்கோ.

1925 இப்போது கும்பத்துக்குப் போகிற பன்னிரண்டில் ஒன்றாகச் சுவாமி அறையிலேயே இருக்கிறது. மிச்சத்தை மகன் வருச வரிசையில் அடுக்குகிறான், அட்டையில் ஒவ்வொரு வருசத்துக்கும் ஒரு ஓட்டை. 1922 இருக்கிறது, 1923 இருக்கிறது, 1924 இரண்டு. 1925இன் ஓட்டையில் காசு இல்லை, 'அப்பம்மாவிடம்' என்று தமிழில் எழுதிய ஒரு துண்டு இருக்கிறது. 1926 இன்னும் கிடைக்கவில்லை. சனிக்கிழமைக்கு வங்கியில் பத்து ரோல் சொல்லி வைத்திருக்கிறோம்.